ஊருக்குத் திரும்பிய படிப்பு: பிலிப்பைன்ஸின் பட்டதாரிப் பெண்கள்

"பிலிப்பைன்ஸ் பெண்களை நர்ஸாகவும் கடையில் கேஷியராகவும் வீட்டு வேலை செய்பவர்களாகவும்தான் வெளிநாட்டில் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் பட்டதாரிகள் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த நாட்டில் பட்டம் வாங்கிய பெண்கள் சொந்த மக்களுக்கு என்ன செய்திருக்கிறார்கள்?" துபாயில் பல வருடம் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் கேட்ட கேள்வி இது. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்த நம்மவர்கள் பலருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும்.

நிறையச் செய்திருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிதாகப் படுவது அவர்கள் எட்டிய பதவிகளைவிட, வெளிநாட்டில் கற்றதைத் தங்கள் ஊரில் இருந்த மூங்கிலுக்கும் மண்பானைக்கும் தவிட்டுக்கும் ஏற்றபடி அவர்கள் மாற்றிக்கொண்ட விதம்தான்.

முதலில் ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். பிலிப்பைன்ஸின் முக்கிய மொழியான டகாலோக்கில் 'பாயன்' என்றால் ஊர். நாடு, மக்கள் என்றும் பொருள். மூன்றுக்கும் அதே சொல்தான். 1908இல் தொடங்கிய பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்களை 'இஸ்கோலார் நங் பாயன்' என்பார்கள். ஊர்ப் பணத்தில் படிக்கும் பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். படித்து முடித்தால் ஊருக்குக் கடன்பட்டவர் என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

ஆனால் அங்கேயும் பெண்களுக்குப் படிப்பு சும்மா கிடைத்துவிடவில்லை. 1888 டிசம்பர் 12 அன்று, மணிலாவுக்கு வடக்கே மலோலோஸ் என்ற ஊருக்கு ஸ்பானிய ஆளுநர் வந்தபோது, 20 இளம்பெண்கள் அவரிடம் ஒரு மனுவைக் கொடுத்தார்கள். ஸ்பானிஷ் மொழி கற்க இரவுப் பள்ளி வேண்டும் என்பதுதான் மனு. ஊர்ப் பாதிரியார் எதிர்த்தார். பெண்கள் விடவில்லை. சில வாரங்களில் அனுமதி வந்தது, அதுவும் பகலில் நடத்த வேண்டும், செலவை நீங்களே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. அந்தப் பள்ளி சில மாதங்கள்தான் நடந்தது. ஆனால் லண்டனில் இருந்த எழுத்தாளர் ஹோசே ரிசால், இன்று அந்த நாட்டின் தேசிய வீரர், இதைக் கேள்விப்பட்டு அந்தப் பெண்களுக்கு டகாலோக்கில் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். இன்றும் அங்கே பள்ளிப் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள்.

அதற்குப் பிறகு மாற்றம் வேகமாக வந்தது. 1909இல் ஹொனோரியா அகோஸ்டா அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மருத்துவப் பட்டம் பெற்று, முதல் பிலிப்பினோ பெண் டாக்டர் ஆனார். 1923இல் என்கார்னாசியோன் அல்சோனா அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கினார். பிலிப்பினோ பெண்களில் அவர்தான் முதல் முனைவர். ஊர் திரும்பிப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். ஆனால் அவருக்கு ஓட்டு இல்லை. அவரிடம் படித்த இளைஞன் வாக்குச்சாவடிக்குப் போகலாம், அவர் போக முடியாது. அல்சோனா பெண்கள் வாக்குரிமைக்காகத் தொடர்ந்து எழுதினார், பேசினார்.

1935 அரசியலமைப்பு ஒரு நிபந்தனை வைத்தது: பெண்கள் மட்டும் வாக்களிக்கும் தனி வாக்கெடுப்பில் குறைந்தது 3 லட்சம் பேர் 'வேண்டும்' என்று சொன்னால்தான் உரிமை உண்டு. மற்ற பெண்களை வாக்களிக்க அழைத்துவர ஆசிரியைகளும் சமூகப் பணியாளர்களும் ஊர் ஊராகப் போனார்கள். 1937 ஏப்ரல் 30 அன்று 4,47,725 பெண்கள் 'வேண்டும்' என்றார்கள், 44,307 பேர் 'வேண்டாம்' என்றார்கள்.

சரி, இனி நான் மிகவும் மதிக்கும் இருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஃபே டெல் முண்டோ 1911இல் மணிலாவின் பழைய கோட்டைப் பகுதியான இந்த்ராமூரோஸில் பிறந்தவர். உடன்பிறந்தவர்களில் சிலர் சின்ன வயதிலேயே இறந்துபோனார்கள். டாக்டராகி ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த அக்காவும் இறந்துவிட்டாள். தங்கை அந்த ஆசையைத் தன்னுடையதாக்கிக்கொண்டாள். 1933இல் மருத்துவக் கல்லூரியில் முதல் மாணவியாகத் தேறினார். எந்தத் துறையில் வேண்டுமானாலும் அமெரிக்காவில் மேற்படிப்பு படிக்கலாம் என்று பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி கேசோன் உதவித்தொகை கொடுத்தபோது, அவர் குழந்தை மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். குடும்பத்தின் சொந்த ஊரான மரின்டூக்கே தீவில் குழந்தைகள் வைத்தியம் கிடைக்காமல் இறப்பதைப் பார்த்திருந்தார்.

ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண் இவர்தான் என்று இணையத்தில் எங்கும் எழுதியிருப்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹார்வர்டு தன் மருத்துவப் படிப்பில் பெண்களை முறையாகச் சேர்த்தது 1945இல்தான். ஃபே பாஸ்டனுக்குப் போனது பட்டம் பெற்ற பிறகான மேற்பயிற்சிக்கு. எப்படியிருந்தாலும், ஹார்வர்டு கதையை நீக்கிவிட்டாலும் அவருடைய பெருமை கொஞ்சமும் குறையாது.

1941இல் ஊர் திரும்பினார். அந்த ஆண்டு இறுதியிலேயே ஜப்பானியப் படை வந்துவிட்டது. மணிலாவில் சான்டோ டோமாஸ் பல்கலைக்கழக வளாகத்தை ஜப்பானியர்கள் சிறைமுகாமாக மாற்றி, அமெரிக்கர்களையும் மற்ற வெளிநாட்டவரையும் குடும்பத்தோடு அடைத்துவைத்தார்கள். அங்கிருந்த குழந்தைகளுக்காக ஃபே செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் ஒரு பராமரிப்பு இல்லம் நடத்தினார். எதிரி நாட்டுக் குழந்தைகள் என்று ஆட்சியில் இருந்தவர்கள் பார்த்த குழந்தைகள் அவர்கள்.

போர் முடிந்த பிறகு குழந்தைகளுக்கென்றே தனி மருத்துவமனை கட்ட வேண்டும் என்று இறங்கினார். கடன் வாங்கினார், அது போதவில்லை, வீட்டை விற்றார், வீட்டுச் சாமான்களையும் விற்றார். 1957இல் கேசோன் நகரில் நாட்டின் முதல் குழந்தைகள் மருத்துவமனை திறந்தது. அடுத்த ஆண்டே அதன் உரிமையை அறக்கட்டளை ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டார். வீடு இல்லாததால் அந்த மருத்துவமனையின் இரண்டாம் மாடியிலேயே குடியிருந்தார். 90 வயதைத் தாண்டியும் சக்கர நாற்காலியில் வார்டு வார்டாகப் போய்க் குழந்தைகளைப் பார்த்தார். 2011 ஆகஸ்டில், 100 வயதுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது காலமானார்.

இத்தனைக்கும் மேலாக என் மனதில் நிற்பது அவர் செய்த ஒரு கூடை. மின்சாரமே இல்லாத கிராமத்தில் குறைமாதக் குழந்தை பிறந்தால் இன்குபேட்டருக்கு எங்கே போவது? துணி போட்டுவைக்கும் மூங்கில் கூடைகளில் பெரிதொன்று, சிறிதொன்று எடுத்தார். பெரியதற்குள் சின்னதை வைத்தார். நடுவில் இருந்த இடைவெளியில் வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைச் சுற்றி அடுக்கினார். ஆக்ஸிஜன் செலுத்த மேலே ஒரு மூடி. குழந்தைக்குத் தேவையான கதகதப்பு கிடைத்துவிட்டது. பாஸ்டனில் படித்த ஒருவர், ஒரு கிராமத்து வீட்டில் என்ன இருக்கும் என்று யோசித்ததால் பிறந்த கருவி இது.

பிரசவம் பார்க்கும் கிராமத்து மருத்துவச்சிகளை அங்கே 'ஹிலோட்' என்பார்கள். படித்த டாக்டர்கள் பலர் அவர்களை ஒதுக்கிய காலத்தில், ஃபே அவர்களைக் கூப்பிட்டுச் சுத்தமாகப் பிரசவம் பார்க்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார். 1980இல் 'தேசிய விஞ்ஞானி' பட்டம் அவருக்குக் கிடைத்தது. அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் பெண் அவர்.

இரண்டாமவர் மரியா ஒரோசா. இவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். பட்டாங்காஸ் மாகாணத்தின் தால் என்ற ஊரில் 1893இல் பிறந்தார். அமெரிக்காவின் சியாட்டிலில் மருந்து வேதியியல் படித்தார். கோடை விடுமுறையில் அலாஸ்காவில் மீன் டப்பாவில் அடைக்கும் ஆலைகளில் வேலை பார்த்துப் படிப்புச் செலவைச் சமாளித்தார். அங்கேயே நல்ல வேலை கிடைத்தது. ஆனாலும் 1922இல் ஊர் திரும்பினார்.

அன்றைய பிலிப்பைன்ஸில் வாழை, மரவள்ளி, கலமன்சி என்ற சின்ன எலுமிச்சை எல்லாம் ஏராளமாக விளைந்தன. பாதுகாக்கத் தெரியாமல் வீணாயின. கடைகளிலோ அமெரிக்க டப்பா உணவு. விளைகிறதையே நாம் சாப்பிட வேண்டும், மீந்ததைப் பதப்படுத்தி வைக்க வேண்டும் என்று ஒரோசா அரசுத் துறையில் உட்கார்ந்து வேலை செய்தார். வாழைப்பழக் கெட்சப் அவர் கண்டுபிடித்தது. தக்காளிக்குப் பதிலாக 'சபா' என்ற சமையல் வாழை. இன்று அது இல்லாத பிலிப்பினோ சமையலறை அரிது. மின்சாரம் இல்லாத வீடுகளில் ரொட்டி சுடுவதற்காக 'பலாயோக்' என்ற மண்பானையை வைத்தே ஓர் அடுப்பு செய்தார். ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குச் சத்துணவு, பதப்படுத்தல், கோழி வளர்ப்பு கற்றுக்கொடுக்க இளம் பெண்களைப் பழக்கி அனுப்பினார்.

தவிட்டைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். நெல்லை நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி பரவிய இடங்களிலெல்லாம் பெரிபெரி நோய் வந்தது. தவிட்டோடு தயமின் (வைட்டமின் பி1) சத்தும் போய்விட்டதுதான் காரணம். நம் பக்கம் தவிடு மாட்டுக்குப் போவது போலவே அங்கேயும். ஒரோசா அந்தத் தவிட்டை மனிதர் சாப்பிடும் மாவாக்கினார். சோயாவிலிருந்து 'சோயலாக்' என்ற சத்துப் பொடியும் செய்தார். போர்க்காலத்தில், கொரில்லாப் படையில் கேப்டன் பொறுப்பில் இருந்துகொண்டு, சான்டோ டோமாஸ் உள்ளிட்ட முகாம்களுக்குள் இவற்றைக் கடத்தி அனுப்பினார். மூங்கில் குழாய்களுக்குள் அடைத்து அனுப்பியதும் உண்டு. ஃபே குழந்தைகளைக் காப்பாற்ற முயன்ற அதே முகாம்தான்.

மணிலா எரியத் தொடங்கியதும் பட்டாங்காஸுக்கு வந்துவிடு என்று குடும்பத்தார் கெஞ்சினார்கள். அவர் வேலையை விட்டுப் போகவில்லை. 1945 பிப்ரவரி 13 அன்று, நகரத்தை மீட்க வந்த அமெரிக்கப் படையின் குண்டுவீச்சில் காயப்பட்டார். அவரைச் சேர்த்த மருத்துவமனை மீதும் குண்டு விழுந்தது. அங்கே உயிரிழந்தபோது அவருக்கு 51 வயது. இன்று மணிலாவின் எர்மிட்டா பகுதியில் அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது.

அதே போரில் ஹோசேஃபா யானெஸ் எஸ்கோடாவையும் நாடு இழந்தது. இலோகோஸ் நோர்ட்டே மாகாணத்துக்காரர், ஆசிரியையாகத் தொடங்கி கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவர். பெண்கள் வாக்கெடுப்புக்காக அலைந்தவர்களில் ஒருவர். 1940இல் பிலிப்பைன்ஸ் பெண் சாரணர் இயக்கத்தைத் தொடங்கினார். போர்க்கைதிகளுக்குச் சாப்பாடும் மருந்தும் கொண்டுபோனார், கைதிகளின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்து அவர்கள் உயிரோடு இருப்பதைக் குடும்பங்களுக்குத் தெரியப்படுத்தினார். 1944இல் ஜப்பானியர்கள் அவரைப் பிடித்துக்கொண்டுபோனார்கள். 1945 ஜனவரிக்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. பழைய ஆயிரம் பெசோ நோட்டு உங்கள் கையில் கிடைத்தால், அதில் இருக்கும் மூன்று முகங்களில் பெண்முகம் அவருடையது.

இப்போதைய காலத்துக்கு வருவோம். விக்டோரியா தௌலி கோர்பூஸ் வடக்கு மலைநாட்டின் இகோரோட் பழங்குடியைச் சேர்ந்தவர். 1970களில் மணிலாவில் நர்ஸிங் பட்டம் வாங்கினார். அந்தப் பட்டம் அன்றைக்கு நேராக அமெரிக்காவுக்கு டிக்கெட். அவர் மலைக்குத் திரும்பிப் போய்ப் பழங்குடி ஊர்களில் சுகாதாரப் பணி தொடங்கினார். அப்போதுதான் ராணுவச் சட்டம் போட்டு ஆண்ட ஜனாதிபதி மார்கோஸின் அரசு சிகோ ஆற்றில் அணைகள் கட்டத் திட்டமிட்டிருந்தது. ஊர்களும் நெல்வயல்களும் முன்னோர் புதைக்கப்பட்ட இடங்களும் மூழ்கிவிடும். மக்கள் எதிர்த்தார்கள். 1980இல் மக்கள் தலைவர் மக்லீங் டுலாக்கைப் படைவீரர்கள் சுட்டுக் கொன்றார்கள். கடைசியில் அணைத் திட்டம் நின்றது. அந்தப் போராட்டத்தில் நின்ற இந்த நர்ஸ், பிற்காலத்தில் ஐ.நா.வின் பழங்குடியினர் மன்றத்துக்குத் தலைவரானார். 2007இல் பழங்குடியினர் உரிமைப் பிரகடனத்தை ஐ.நா. ஏற்றபோது அந்தப் பொறுப்பில் இருந்தவர் அவர்தான். 2018இல் அவருடைய சொந்த அரசாங்கமே அவர் பெயரைப் பயங்கரவாதிகள் பட்டியலில் சேர்த்து நீதிமன்றம் போனது. பிறகு அந்தப் பெயரை நீதிமன்றம் நீக்கியது.

சட்டம் படித்தவர்களில் ஹைடி யோராக்கைச் சொல்ல வேண்டும். ராணுவச் சட்டக் காலத்தில் சிறையில் இருந்தவர். பிறகு மார்கோஸ் குடும்பம் சேர்த்த பணத்தை மீட்கும் ஆணையத்துக்குத் தலைவரானார். அவர் காலத்தில்தான், 2003இல், சுவிஸ் வங்கிகளில் இருந்த 65 கோடி டாலருக்கும் மேலான தொகை அரசுக்கே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பணம் நிலச் சீர்திருத்தத்துக்குப் போனது, ஒரு பங்கு பின்னாளில் சித்திரவதைக்கு ஆளானவர்களுக்கு இழப்பீடாகவும் போனது. அரசியல் அறிவியல் பேராசிரியை மிரியம் கொரோனல் ஃபெரர், தெற்கே மின்டனாவோ தீவில் பல பத்தாண்டுகள் நடந்த சண்டையை நிறுத்த 2014 மார்ச்சில் மோரோ முஸ்லிம்களின் போராளி அமைப்போடு போட்ட ஒப்பந்தத்தில் அரசுத் தரப்பின் தலைமைப் பேச்சாளராகக் கையெழுத்திட்டார். நம் டி.எம். கிருஷ்ணாவுக்கு 2016இல் மக்சேசே விருது கிடைத்தபோது, அதே ஆண்டு விருது பெற்ற கொன்சிட்டா கார்பியோ மொராலெஸ், நாட்டின் ஊழல் ஒழிப்பு அதிகாரியாக இருந்த பெண் நீதிபதி.

இன்னொரு குழந்தை மருத்துவர் பெர்னடெட் மாட்ரிட். 1997இல் மணிலாவின் பிலிப்பைன்ஸ் பொது மருத்துவமனையில் தொடங்கிய குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவை நடத்தியவர். வன்கொடுமைக்கு ஆளான ஒரு குழந்தை டாக்டரிடம் ஒருமுறை, போலீஸிடம் ஒருமுறை, வக்கீலிடம் ஒருமுறை என்று நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் அது மறுபடி காயப்படும். அந்தப் பிரிவில் மருத்துவர், சமூகப் பணியாளர், மனநல நிபுணர், காவல்துறை எல்லாரும் ஒரே இடத்தில் குழந்தையிடம் வருகிறார்கள். இந்த முறை பிறகு நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட பிரிவுகளாகப் பரவியது. பாலுறவுக்கு இசைவு தரும் வயது அங்கே 12ஆக இருந்தது. 2022இல்தான் சட்டம் திருத்தி 16 ஆக்கினார்கள். 12 என்ற எண் சட்டத்தில் இருந்த காலத்தில் அந்த மருத்துவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

கல்வியில் எனக்குப் பிடித்த உதாரணம் போஹோல் தீவில் ஹக்னா என்ற சின்ன ஊர். அமெரிக்காவில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற மரியா விக்டோரியா கார்பியோ பெர்னிடோவும் அவர் கணவரும் 1999இல் மணிலாவை விட்டு அங்கே போய், தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு பள்ளியை எடுத்து நடத்தினார்கள். இயற்பியல் படித்த ஆசிரியர்கள் போதவில்லை. அதனால் பாடத்தையே வேறு விதமாக அமைத்தார்கள்: ஆசிரியர் பேசுவது கொஞ்சம், பெரும்பகுதி நேரம் மாணவர்கள் கையால் எழுதித் தாங்களே கற்பது. ஒரே சமயத்தில் பல வகுப்புகளை ஒரு நல்ல ஆசிரியரே கவனிக்க முடிந்தது. வீட்டுப்பாடம் கிடையாது. வீட்டில் மேசையும் விளக்கும் இல்லாத பிள்ளைகளை அது தண்டிக்கும் என்பது எவ்வளவு பேருக்குத் தோன்றும்?

அப்புறம், கேட்டவர் பார்த்த அந்த நர்ஸ்கள், வீட்டு வேலைக்கு வந்த ஆசிரியைகள். அவர்களை இந்தக் கதைக்கு வெளியே நிறுத்த எனக்கு மனமில்லை. ஊரில் சம்பளம் போதாது, தம்பி தங்கை படிக்க வேண்டும், அப்பாவுக்கு மருந்து வாங்க வேண்டும். அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் அங்கே எத்தனையோ பிள்ளைகள் பட்டம் வாங்குகிறார்கள். 2000களின் தொடக்கத்தில் டாக்டர்களே மறுபடி நர்ஸிங் படித்து வெளிநாடு போனார்கள் என்றால் நெருக்கடியைப் புரிந்துகொள்ளலாம். போனவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் அவர்கள் போன ஊர்களில் பிரசவம் பார்க்க ஆள் இல்லாமல் போனதும் உண்மை.

இதற்கு ஒரு விடை 1976இலேயே கிடைத்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். லெய்டே தீவில் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம் ஒரு சுகாதாரக் கல்விப் பள்ளியைத் தொடங்கியது. மருத்துவச்சிக்கு ஒரு கல்லூரி, நர்ஸுக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று என்று பிரிக்காமல் ஒரே ஏணியாக வைத்தார்கள். மாணவரைத் தேர்ந்தெடுப்பதில் அவருடைய ஊருக்கே பங்கு உண்டு: இந்தப் பெண்ணை அனுப்புகிறோம், படித்துவிட்டு எங்களிடம் வருவாள் என்று ஊர் எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் படி பிரசவப் பயிற்சி. அது முடிந்ததும் ஊருக்குப் போய் வேலை செய்ய வேண்டும். வேலை நன்றாக இருந்தது, அடுத்த படிக்கு அனுப்புகிறோம் என்று ஊர் மறுபடி சொன்னால் நர்ஸிங். மறுபடி ஊர், மறுபடி சம்மதம், அதன் பிறகுதான் டாக்டர் படிப்பு. அரோராவில் பலேர், மின்டனாவோவில் கொரொனடால் என்று பின்னர் கிளைகளும் வந்தன.

2020 டிசம்பரில் வந்த மருத்துவ உதவித்தொகைச் சட்டத்தின் பெயரிலும் பாயன் இருக்கிறது: 'தோக்தோர் பாரா சா பாயன்', ஊருக்கான டாக்டர். அரசு செலவில் படித்தவர், படித்துவிட்டு உள்நாட்டில் ஆள் இல்லாத இடங்களில் சில ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும். அதைவிட லெய்டே ஏணிதான் எனக்குப் பிடிக்கும். அதில் முதல் படியோடு ஒரு பெண் நின்றுவிட்டால், படிப்பைப் பாதியில் விட்டவள் என்று யாரும் சொல்வதில்லை. அந்த ஊருக்கு ஒரு மருத்துவச்சி கிடைத்திருக்கிறாள்.